மூன்று விரல் அவருக்கு

“…நான் விரல மாத்தறதுக்குள்ள அவரு வாயத் தொறந்துட்டாருன்னா இன்னாபா பண்றது?”

ஆட்டோ சத்தத்தில் எனக்குக் கேட்டது இந்தக் கடைசித் துண்டுதான். அந்த அக்கா ஐயம்பேட்டை ஸ்டாப்பில் ஏறியதிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் எதையோ சொல்லிக்கொண்டே வந்தார். முன்னால் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அவர் பேச்சு எங்கே புறப்பட்டாலும் “அப்பிடி ஆயிடுச்சுன்னா இன்னாபா பண்றது” என்கிற இடத்தில்தான் வந்து இறங்கும்.

விரல் என்றது கிட்டார் வாசிக்கிற விரலை. அவர் என்றது அக்காவின் வீட்டுக்காரரை. அந்த மனிதர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசி நாலு மாதம் ஆகியிருந்தது.

நான் அப்போது ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது கம்பெனி வேன். வேனில் ஏறுகிற பிள்ளைகள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தூங்கிவிடுகிறார்கள், பேச்சே கிடையாது. ஷேர் ஆட்டோ அப்படியில்லை. முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் பேசித்தான் ஆக வேண்டும். அப்படிக் கேட்ட பேச்சில் எனக்கு இன்றைக்கும் மறக்காமல் இருப்பதில் பாதிக்கு மேல் அந்த அக்கா சொன்னது. அவரைப் பார்த்து வருஷங்கள் ஆகின்றன. பெயரை எழுதினால் அதற்கும் ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுவார், அதனால் எழுதவில்லை.

நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். ஒடிசலான உடம்பு. தோளில் ஒரு பை. அதில் சித்திரை வெயிலிலும் மழைக்குக் குடை இருக்கும். குடைக்குப் பக்கத்தில் டார்ச் லைட், நாலைந்து ஊக்கு, இரண்டாவது வீட்டுச் சாவி, அந்த இரண்டாவது சாவியும் தொலைந்துவிட்டால் இருக்கட்டும் என்று மூன்றாவது சாவி. வேகத்தடை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கம்பியைப் பிடித்துக்கொள்வார். பிரேக் பார்த்தாயா, டயர் பார்த்தாயா என்று ஏறும்போதே விசாரணை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா, ஒண்ணும் ஆவாது, சும்மா குந்து என்று அதட்டியது. அக்கா கோபப்படவில்லை.

“ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னவங்க யாரும், ஆனப்ப பக்கத்துல இல்லம்மா.”

பூக்காரம்மா இறங்குகிற வரைக்கும் தானும் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தது.

இந்தப் பயத்தை நாங்கள் கேலி செய்தோமே தவிர, அக்காவின் பிழைப்பே அதில்தான் இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் பாவு பிணைக்கிறவர் அவர். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கிற இழைகள். தறியில் ஒரு பாவு நெய்து முடியும்போது அதன் நுனி தறியிலேயே நிற்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒவ்வொன்றையும் சேர்த்து முறுக்க வேண்டும். நாலாயிரம் இழைக்கு மேல் இருக்கும், ஒவ்வொன்றும் தலைமுடி மாதிரி. இடது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இழையைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கும், வலது கை சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்கும். கண்ணுக்கு அதில் அவ்வளவு வேலையில்லை. இது ஒற்றை, இது இரண்டு ஒட்டிக்கொண்டது என்று விரல் நுனிதான் பார்க்கும்.

ஒரு மழை நாளில் அவரைக் கூட்டிவரப் பிள்ளையார்பாளையத்தில் அந்த நெசவாளர் வீட்டுக்கே போனேன். அக்கா கிளம்புகிற நேரம். கடைசியாக ஒருமுறை இழைகளைத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். இருநூறு இழைக்கு முன்னால் எங்கேயோ இரண்டை ஒன்றென்று எடுத்திருக்கிறார். அதற்கப்புறம் எல்லாம் ஒன்று தள்ளிப் போயிருந்தது. ஓரத்தில் ஒரு இழை அதிகமாக நிற்கும், கிள்ளிவிட்டால் போச்சு, விடுங்கம்மா என்றார் அந்த நெசவாளர். அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இருநூறையும் அறுத்தார். தப்பின இடத்திலிருந்து திரும்பப் பிணைத்தார். மழை விட்டு, நான் மூன்று டீ குடித்து, அதற்கப்புறமும் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது தானாகவே சொன்னார்.

“தப்ப நடுவுல உட்டுட்டு முன்னால போனா, போற தூரம் பூரா தப்புதாம்பா.”

அவர் வீட்டுக்காரரும் நெசவாளர்தான், ஆனால் வேறு மாதிரி ஆள். பகலில் தறி. ஆடி மாதம் அம்மன் கோயில்களில் எங்கே பாட்டுக் கச்சேரி என்றாலும் அந்தக் குழுவில் கிட்டார் அவர்தான். சொந்தமாக ஒரு கதைப்பாட்டு கட்டி வைத்திருந்தார். பல வருஷம் கழித்துப் பாலாற்றில் தண்ணீர் வந்த நாளில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கரையில், பெண் வீட்டார் இந்தக் கரையில். ஏழு சரணம். தாலாட்டு மாதிரி மெதுவாகப் போகும். நானே இரண்டு கோயிலில் கேட்டிருக்கிறேன். கூட்டம் ஆடாது, எழுந்தும் போகாது, அந்தப் பெண் ஆற்றைத் தாண்டினாளா இல்லையா என்று உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் காலை தறியில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது கையும் பேச்சும் போய்விட்டன. அவர் வாசித்த கிட்டார் குழுவுடையது, வந்து பார்த்துவிட்டு, வருத்தப்பட்டுவிட்டு, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒன்று சொல்லியிருக்கிறது. பேச முடியாத சிலருக்குப் பாட வரும். அவருக்கு நன்றாகத் தெரிந்த பாட்டை எதிரில் உட்கார்ந்து மெதுவாகப் பாடுங்கள், கடைசி வார்த்தையை மட்டும் அவருக்கு விட்டுவிட்டுக் காத்திருங்கள். சீக்கிரம் ஆரம்பியுங்கள், அவர் முயற்சியே விட்டுவிட்டால் அப்புறம் கஷ்டம். இதைக் கேட்ட நாளிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. வீட்டுக்காரர் பாடி யாரோ பிடித்த வீடியோ போனில் இருந்தது. அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

“போனு நிக்க மாட்டேங்குதுபா. ஒரு வார்த்தை அவரு நாக்குக்கு வர்றதுக்குள்ள பாட்டு அடுத்த தெருவுக்குப் போயிடுது. அவரு பின்னாலயே ஓடி ஓடிப் பாத்துட்டு, போனைத் தட்டி உட்டுட்டு அழுவுறாரு.”

சரி, தானே பாடலாம் என்றால் அக்காவின் குரல் ஒரு வரியில் மூன்று ஊர் சுற்றிவிட்டு வரும். மேடை ஏறின காது அவருக்கு, பொறுக்குமா. இடது கையால் காதைப் பொத்திக்கொண்டாராம். பிடித்துக்கொண்டு பாட ஏதாவது ஒரு சுருதி வேண்டும், அது நிற்கச் சொன்னால் நிற்கவும் வேண்டும். அக்காவின் கண்ணில் அப்போதுதான் என் கிட்டார் பட்டது.

அது என் சீட்டுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். டவுனில் ரூம் எடுத்துப் படித்த ஒரு பையன் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஆட்டோ நிறைகிற வரைக்கும் போனைப் பார்த்துப் பார்த்து நானே கற்றது நாலைந்து கார்டு. கார்டு என்றால் கம்பிகளின் மேல் விரல்களை ஒரு கூட்டாக வைத்து அழுத்துகிற நிலை. அந்தக் கதைப்பாட்டுக்கு மூன்றே கார்டு போதும். நானே வந்து வாசிக்கிறேன், நீங்கள் பாடுங்கள் என்று ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார், போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். எத்தனையோ மேடையில் கைதட்டு வாங்கின மனிதர், இன்னொரு கிட்டார்காரன் முன்னால் உளறுவாரா. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஆக, அக்காவே கற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டில், மதியம், என் மனைவி மாவு அரைக்கிற நேரத்தில்.

முதல் நாள் கிட்டாரைக் கையில் வாங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கம்பி அறுந்து கண்ணில் அடித்தால் என்ன செய்வது. அறுந்து போகாது என்றேன். அறுந்திருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல் என்றார். ஒருமுறை அறுந்திருக்கிறது என்றேன். அன்றைக்கு முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் பாடம்.

வாசித்தால் சத்தமே வரவில்லை. பட்டு நூலைத் தொட்டே பழகின கை, எதையும் அழுத்தவே தெரியாது. கம்பியின் மேல் விரலை வைத்தால் பூனைக்குட்டி முதுகைத் தடவுகிற மாதிரி இருக்கும். கம்பி ஙொய் என்று அழும். அழுத்துங்க, அழுத்துங்க என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். வலிக்கிறது என்றார். எனக்குக் கற்றுக்கொடுத்த போன் வாத்தியார்கள் எல்லாரும் சொன்னதை நானும் சொன்னேன், பெருமையாகவே சொன்னேன்: “ரெண்டு வாரம் பொறுத்துக்கோங்கக்கா. விரல் காய்ச்சுப் போயிடும். அப்புறம் ஒண்ணுமே தெரியாது.”

அக்கா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. தலையை ஆட்டிவிட்டு அழுத்தினார்.

என் மனைவிதான் உள்ளேயிருந்து, “பாட்டு அவரோடது, விரலு அக்காவோடது, வலி மட்டும் எங்க காதுக்கா” என்றாள். அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன சொல்லிவிட்டேன் என்று அப்போது எனக்கு உறைக்கவேயில்லை.

பதினைந்து இருபது நாளில் இரண்டு கார்டு வந்துவிட்டது. சத்தம் சுத்தமாக விழ ஆரம்பித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அக்கா முகத்தில்தான் அது இல்லை. ஆட்டோவில் பேச்சு குறைந்தது. பிரேக் பார்த்தாயா என்றுகூடக் கேட்கவில்லை, எனக்கு அதுவே பயமாக இருந்தது. ஒரு மதியம் என் மனைவி ஏதோ கொடுக்க அக்காவின் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. இடது ஆள்காட்டி விரலின் நுனி சிவந்து, தோல் தேய்ந்து, ரத்தம் கசிகிற மாதிரி இருந்தது. கிட்டாரால் வந்ததல்ல. காய்த்துப் போன தோலைத் துணி துவைக்கிற கல்லில் வைத்துத் தேய்த்திருக்கிறார்.

அப்புறம்தான் வெளியே வந்தது. அந்த வாரம் ஒரு வீட்டில் பாவு பிணைக்கும்போது விரலுக்கு இழை தெரியவில்லை. ஒற்றையா இரட்டையா என்று எத்தனை தடவினாலும் மரத்துப்போன கட்டையைத் தடவுகிற மாதிரி இருந்திருக்கிறது. தோல் உரிந்த இடத்தில் பட்டு மாட்டிக்கொண்டு இரண்டு இழை அறுந்தும் போயிற்று. அந்த வீட்டு அம்மா நல்லவங்க, கண்ணைக் காட்டிக்கோங்கக்கா, வயசாவுது இல்ல என்று மட்டும் சொன்னாங்களாம். அக்கா கண்ணுக்கு என்ன, சுவரில் ஓடுகிற எறும்பை எண்ணுவார். கண்ணில்தான் கோளாறு என்று அவர்கள் நினைக்கட்டும் என்று பேசாமல் வந்துவிட்டார்.

வீட்டுக்காரர் படுத்துவிட்ட பிறகு அந்தக் குடும்பத்துக்கு அந்த இரண்டு விரலைத் தவிர வேறு வரும்படி கிடையாது.

என் மனைவி என்னைப் பார்த்து, “ஆட்டோவுக்கு டயர் மாத்தற மாதிரி சொன்னியேய்யா, காய்ச்சுப் போவும், ஒண்ணும் தெரியாதுன்னு. அவங்க பொழப்பே தெரியறதுதானேய்யா” என்றாள்.

அதற்கப்புறம் அக்கா பத்து நாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஆட்டோவில் வருவார், போவார். பின்னால் தொங்குகிற கிட்டாரின் பக்கம் பார்க்கவே மாட்டார். நானும் கண்ணாடியில் அவர் விரலைப் பார்ப்பேன், பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வேன். தேங்காய் எண்ணெய் தடவி ஒரு பக்கம் பொத்தி வைத்திருப்பார். ஒருநாள் இறங்கும்போது, அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். முன்னெல்லாம் ஆ, ஊ என்று ஏதாவது சத்தம் போட்டுத் தண்ணீர் கேட்பார், இப்போது அதுவும் இல்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார் என்றார்.

பதினோராம் நாளோ என்னவோ, மதியம் வாசலில் செருப்புச் சத்தம். அக்கா உள்ளே வந்து உட்கார்ந்து இடது கையை நீட்டினார். ஆள்காட்டி விரலில் வெள்ளைத் துணியைத் தடிமனாகச் சுற்றி, பட்டு நூலால் கட்டியிருந்தார். வெட்டிக்கொண்டீர்களா என்று பதறினாள் என் மனைவி.

“வெட்டிக்கலம்மா. இது சோறு போடற விரலு, இத நான் குடுக்க முடியாது. மத்த மூணையும் அவருக்குக் குடுத்துடறேன்.” என் பக்கம் திரும்பினார். “மூணு விரலுக்கு அந்தப் பாட்டு வருமாபா?”

கிட்டார் கற்கிற எவனும் முதலில் வைப்பது ஆள்காட்டி விரலைத்தான். அதை வைக்காதே என்று எந்தப் போன் வாத்தியாரும் சொன்னதில்லை. கட்டை விரல் பின்பக்கம் மரத்தில் சும்மா சாய்ந்திருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. நான் ஒரு சாயங்காலம் சவாரியை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். என் விரலிலும் ஒரு துணியைக் கட்டிக்கொண்டேன். ஈ மைனர் என்கிற கார்டுக்கு இரண்டே விரல், நடு விரலும் மோதிர விரலும் போதும். ஜி கார்டுக்கு அந்த இரண்டோடு சுண்டு விரலைச் சேர்த்தால் வந்துவிட்டது. டி கார்டுக்குத்தான் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடித்துக்கொண்டன. ஆனாலும் வந்தது. மறுநாள் அக்காவிடம் காட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை, துணி கட்டின என் விரலைப் பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வந்தது என்றால் எப்படி வந்தது. சுண்டு விரலுக்கு ஏது பலம். கார்டு மாற ஒரு ஆள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொள்கிற நேரம் ஆகும். அதுகூடப் பரவாயில்லை. பெரிய தொல்லை இன்னொன்று. எங்கே தப்பினாலும் அக்கா முதல் வரிக்குத் திரும்பிவிடுவார். இரண்டாம் சரணத்தில் தப்பினால் முதல் சரணத்துக்கு, ஐந்தில் தப்பினாலும் முதல் சரணத்துக்கு. ‘பாலாத்துல தண்ணி வந்த நாளு’ என்ற முதல் வரியை எங்கள் தெருவில் ஆடு மாடெல்லாம் கற்றுக்கொண்டிருக்கும். நடுவில் எங்கேயாவது ஆரம்பித்துப் பாருங்கள், மூன்றாவது சரணம், ‘படகு வருமுன்னு பாத்திருந்தா பொண்ணு’, அங்கிருந்து எடுங்கள் என்றால் கை அப்படியே நின்றுவிடும். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஏழொண்ணிலிருந்து வருகிற பிள்ளை மாதிரி, முதலிலிருந்து ஓடிவந்தால்தான் மூன்றாவது வரும். வீட்டுக்காரருக்குப் பாட்டில் வேறு எந்த இடத்தில் வேண்டுமானாலும் ஞாபகம் வரலாம் இல்லையா என்று நானும் சொல்லிப் பார்த்தேன். தெரியும் என்றார். தெரிந்துகொண்டே முதல் வரிக்குப் போவார்.

இப்படிப் பயந்துகொண்டே இருக்கிறீர்களே, அலுக்கவில்லையா என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். அக்கா யோசித்துத்தான் பதில் சொன்னார்.

“பயம் எங்கூடப் பொறந்ததும்மா. அத வீட்ல உட்டுட்டு வா உட்டுட்டு வான்றீங்க. நான் கூட்டிக்கினே வரேன், அது பாட்டுக்கு ஒரு ஓரமா குந்தட்டும்.”

ஏழு சரணமும் ஓரளவுக்கு நின்ற பிறகும் அக்கா நாளைக் கடத்திக்கொண்டே போனார். நாள் நன்றாக இல்லை, விரல் சரியில்லை, அவருக்குச் சளி. உண்மையில் ஒரே காரணம்தான். வீட்டுக்காரர் ஒரே ஒருமுறைதான் முயற்சி செய்வார் என்று அக்கா உறுதியாக நம்பினார். போனில் தோற்றார், அக்காவின் குரலில் தோற்றார். இதிலும் தோற்றால் அதற்கப்புறம் அந்த வாய்க்குக் கதவு சாத்தியாகிவிடும். அதைத் திறக்கப் போய்த் தானே சாத்திவிடுவோமோ என்றுதான், ஆட்டோவில் என் முதுகுக்குப் பின்னால் அன்றைக்கு அந்தக் கேள்வி. அவர் வாயைத் திறக்கிற நேரத்தில் தன் விரல் கார்டு தேடி அலைந்துகொண்டிருந்தால் என்ன செய்வது. நான் அதற்கு, அவர் காத்திருப்பாருக்கா என்றேன். “அவரு காத்திருக்க மாட்டாருபா. அவரு வெட்கப்படுவாரு” என்றார்.

அந்த வாரமே இரண்டு வேளை அவர் சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். ஸ்பூனைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாராம். மறுநாள் காலை பத்து மணி வாக்கில் அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். விரலில் துணி கட்டியாயிற்று. இன்னிக்கே வாசிச்சுடறேன் என்றார். நீங்க ரெண்டு பேரும் வரணும், ஆனா உள்ள வரக்கூடாது.

நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டுப் பின்கட்டில், சமையல் இடத்துக்கும் முன் அறைக்கும் நடுவில் இருந்த கதவுக்குப் பின்னால் நின்றோம். கதவு அரை அடி திறந்திருந்தது. கட்டிலில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதுகுதான் தெரிந்தது, இளைத்துப்போன முதுகு. அக்கா கட்டிலுக்கு எதிரில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். கிட்டாரை மடியில் வைத்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். தெருவில் கீரைக்காரி போனாள். அந்தச் சத்தம் தேய்கிற வரைக்கும் அக்கா கையைத் தூக்கவில்லை. என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜி கார்டு விழுந்தது. சுத்தமாக விழுந்தது. அவர் முதுகில் ஒரு அசைவும் இல்லை.

‘பாலாத்துல தண்ணி வந்த…’ என்று பாடி, டி கார்டுக்கு மாறி நிறுத்தினார். ‘நாளு’ என்கிற வார்த்தையை அவருக்கு விட்டார். வரவில்லை. மறுபடி முதலிலிருந்து. மறுபடி நிறுத்தம். வரவில்லை. அக்காவின் குரல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் போனது. நாலாவது தடவையில் அவர் தலை கொஞ்சம் திரும்பியது. அக்காவின் கை, துணி கட்டின விரல், அந்த இடத்தில் அவர் கண் நின்றது. ஐந்தாவது தடவை சுண்டு விரல் வழுக்கி, கார்டு கர்ரென்று கெட்டது. அவர் முகம் சுளித்தது. வாத்தியக்காரன் முகம். நான் முடிந்தது என்று நினைத்தேன். அக்கா மறுபடி முதல் வரியை எடுத்தார், டி கார்டில் வந்து நின்றார், காத்திருந்தார்.

அவர் உதடு குவிந்தது. தொண்டையில் ஏதோ உருண்டது. பேச்சு இல்லை அது, ராகம். இரண்டு சுரம் இழுத்துக்கொண்டு வந்து ஒரு வார்த்தையில் விழுந்தது.

“ப…டகு.”

கேட்டது ‘நாளு’. அவர் கொடுத்தது மூன்றாவது சரணத்தின் முதல் வார்த்தை. அது அவருக்கே தெரிந்துவிட்டது. கண் அலைந்தது, வாய் மூடிக்கொண்டது, முகம் சுவர் பக்கம் திரும்பத் தொடங்கியது. அக்கா மூன்றாவது சரணத்தை நடுவில் எடுத்து ஒருமுறைகூட வாசித்ததில்லை. டி கார்டிலிருந்து ஈ மைனருக்கு நேராக மாறிப் பழகினதும் இல்லை. இப்போது முதல் வரிக்குப் போய்விடுவார், அவரும் சுவருக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

அக்கா மூன்று விரலையும் கம்பியை விட்டு எடுத்தார். இரண்டை ஈ மைனரில் கொண்டுபோய் வைத்தார். மெதுவாக, இழை பிரிக்கிற மாதிரி வைத்தார். மீட்டினார். அவர் விட்ட வார்த்தையிலிருந்தே பிடித்து, “வருமுன்னு பாத்திருந்தா…” என்று பாடிவிட்டு, ‘பொண்ணு’ என்கிற வார்த்தைக்கு முன்னால் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தார்.